சுந்தரபாண்டியனும் வீரபாண்டியனும்: சரித்திர பாடங் கற்பிப்பார்க்குச் சில குறிப்புக்கள்

பாண்டியப் பேரரசு வீழ்ந்த வரலாற்றை நம் பாடசாலைகளிற் பெரும்பாலும் இரண்டு வாக்கியங்களில் முடித்து விடுகின்றோம். சுந்தரபாண்டியன் என்பான் அரசாசையால் தந்தையைக் கொன்றான் என்பது ஒன்று. பின்னர் வீரபாண்டியனுக்குத் தோற்று, டில்லிக்கு ஓடி, மாலிக் காபூரைப் படையோடு அழைத்து வந்தான் என்பது மற்றொன்று. மாணாக்கர் இவற்றை எளிதில் மனனஞ் செய்வர். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் பெறுவர். ஆயின் இவ்விரண்டையும் முதலிற் சொன்னவர் யாவர், அவர் எங்கிருந்து சொன்னார், எவரிடங் கேட்டுச் சொன்னார் என வினவுவார் மிக அரியர். அவ்வினாவை எழுப்பி, கிடைக்குஞ் சான்றுகளை ஒன்றோடொன்று வைத்து நிறுத்துப் பார்ப்பதே ஈண்டு எம் நோக்கமாம்.

முன்னதாக, இச்சகோதரரின் தந்தையாகிய மாறவர்மன் குலசேகரனை நம் ஈழத்து மாணாக்கர் அறிந்திருத்தல் வேண்டும். அவன் கை இலங்கை வரையும் நீண்டது. 1268இல் அரசேறிய இவன் காலத்திலேயே, 1279ஐ ஒட்டி, மூன்றாம் இராசேந்திரனோடு சோழர் ஆட்சி முடிவுற்றது. சேரநாட்டுக் கொல்லத்தை வென்றமையாற் கொல்லங்கொண்டான் என்னும் பெயரும் இவனுக்கு உண்டு. யாப்பகுவாவிலிருந்து ஆண்ட முதலாம் புவனேகபாகு 1284இல் இறந்த பின்னர், பாண்டியர் படையொன்று ஆரியச்சக்கரவர்த்தி என்னுந் தலைவனின் கீழ் இங்கு வந்து, சிங்கள மன்னரின் ஆட்சியுரிமைக்கே அடையாளமாகப் போற்றப்பட்ட புத்தரின் தந்தச்சின்னத்தை எடுத்துச் சென்றது. மூன்றாம் பராக்கிரமபாகு தானே பாண்டியன் அவைக்குச் சென்று, இன்சொல்லால் அதனை மீட்டு வந்து பொலநறுவையில் வைத்தான். இச்செய்தியைக் கூறுஞ் சூளவம்சம், அப்படையை அனுப்பினோர் பாண்டிநாட்டை ஆண்ட ஐந்து சகோதரர் என்கின்றது. ஐவர் என்னும் அத்தொகையை ஆசிரியர்கள் குறித்துக்கொள்க.

அவ்வைவரை வேறொருவனுங் கூறுகின்றான். வெனிசு நகரத்து வணிகனாகிய மார்க்கோ போலோ, சீனத்தினின்று மீளும் வழியில், 1293ஐ ஒட்டிப் பாண்டிநாட்டுக் கரையை அடைந்தான். தாமிரபரணி கடலொடு கலக்குமிடத்துக் காயல் துறைமுகத்தைச் சிறப்பிக்குமிடத்தில், அந்நாட்டை ஆளும் ஐந்து சகோதரரும் ஒருவரோடொருவர் போருக்கு எழுவதுண்டு எனவும், அவர்தந் தாய் அப்பொழுது உயிரோடிருந்தாள் எனவும் எழுதுகின்றான். மைந்தர் படை திரட்டியவிடத்து அவள் இருபடைக்கும் நடுவே சென்று நிற்பாளாம். அவர் கேளாராயின் கத்தியை எடுத்து, அவருக்குப் பாலூட்டிய முலைகளை அறுத்து, சுமந்த வயிற்றையுங் கீறி, அவர் கண்ணெதிரே மாள்வேன் என்பாளாம். மைந்தர் அஞ்சி மீள்வராம். தாய் இறந்த அன்றே இவர் ஒருவரையொருவர் அழிப்பர் என்று போலோ முடிக்கின்றான்.

இவ்வைவர் குலசேகரன் தலைமுறையினர்; நாம் பேச எடுத்துக்கொண்ட சுந்தரனும் வீரனும் அவர்க்கு அடுத்த தலைமுறை. ஆயினும் இக்கதையை வகுப்பில் விரிவாகச் சொல்லுதல் நன்று. சிறுவயதில் மிசன் பாடசாலையிற் பயின்ற யாம் ஏசா யாக்கோபு என்னும் இரட்டையரின் கதையைப் பலகாற் கேட்டுள்ளோம். அங்கே தாய் ஒரு மைந்தன் பக்கஞ் சார்ந்து மற்றவனை வஞ்சிக்க வழி சொல்லுகின்றாள். பாண்டிமாதேவியோ இருவர்க்கும் நடுவே நிற்கின்றாள். நம் பிள்ளைகளுக்கு இக்கதை தானாகவே விளங்கும். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிற் சடங்கைக் கண்டு வளர்ந்த பிள்ளைக்குத் தாயாதிப் போரை விளக்க ஆசிரியர் பாடுபட வேண்டுவதில்லை. தாய்வழியே குடியெண்ணி, ஒரு வயிற்றுவார் என்று உறவு பேசும் நாட்டில், தாயின் வயிற்றை முன்னிட்டுச் சொல்லப்பட்ட சூளுரையின் கனம் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புலனாகும்.

நிற்க. இனிச் சுந்தரன் மீதுள்ள பழிக்கு வருவோம்.

இப்பழியை விரிவாக எழுதிவைத்தவர் வசாப் என்னும் பாரசீக ஆசிரியர். அவர் பாரசு மாகாணத்தில் வரியிறை அலுவல் பார்த்தவர். அக்காலத்து அங்கே ஆண்ட மங்கோலிய மன்னர்க்கென்று சரித்திரம் எழுதினார். பாண்டிநாட்டுச் செய்திகளில் அவருக்கு ஈடுபாடு உண்டாகக் காரணம் குதிரை வாணிகம். பாரசீகக் குடாவிலுள்ள கீசு முதலிய துறைகளினின்று ஆண்டுதோறும் பதினாயிரங் குதிரைகள் பாண்டிநாட்டிற்கும் அதனையடுத்த துறைகளுக்கும் ஏற்றப்பட்டன எனவும், குதிரையொன்றின் விலை 220 பொற்காசு எனவும், கடலில் இறந்த குதிரைக்கும் பாண்டியன் விலை கொடுத்தான் எனவும் அவர் கணக்கு எழுதுகின்றார். இக்கணக்கைச் சொன்ன அதே வாயாலேயே, கலேசு தேவர் எனத் தாம் அழைக்குங் குலசேகரனுக்கு மனைவி வயிற்றுப் பிறந்த மூத்த மைந்தன் சுந்தரன் என்றும், காதற்கிழத்தி வயிற்றுப் பிறந்த இளையவன் வீரன் என்றும், வீரனையே தந்தை அடுத்த அரசனாக அறிவித்தமையால் வெகுண்ட சுந்தரன் 1310ஆம் ஆண்டின் நடுவில் தந்தையைக் கொன்று மதுரையில் முடிசூடினான் என்றுங் கூறுகின்றார். பின்னர் இருவரும் ஓர் ஏரிக்கரையிற் பொருதனர். முதற் போரிற் சுந்தரன் கை ஓங்கியது. குலசேகரன் மகள் வயிற்றுப் பேரன் ஒருவன் வீரனுக்குத் துணையாக வர, சுந்தரன் தோற்று டில்லி அரசன் அலாவுதீனிடம் அடைக்கலம் புகுந்தான். இதுவே வசாப்பின் கதை. வீரன் என்னும் பெயர் அந்நூலில் திரா என உருமாறிக் கிடக்கின்றது. ஆள் பெயரே இவ்வாறு திரிந்ததாயின், கப்பலேறிக் கைமாறிச் சென்ற செய்தியின் ஏனைய கூறுகள் திரியாது சென்றன என்று கொள்வதற்கில்லை.

இக்கதையைப் பாண்டியரின் சாசனங்களோடு ஒத்துப் பார்த்தல் வேண்டும். பாண்டிய மரபில் ஒரே காலத்திற் பலர் அரசர் என்னும் பெயரோடு ஆளுதலும், ஒவ்வொருவரும் தம் தம் ஆட்சியாண்டைத் தனித்தனியே எண்ணுதலும் வழக்கம். சூளவம்சமும் போலோவும் ஐவர் என்றதன் பொருள் இதுவே. சடையவர்மன் வீரபாண்டியனின் ஆட்சியாண்டு 1297ஐ ஒட்டித் தொடங்குகின்றது. சடையவர்மன் சுந்தரபாண்டியனுடையது 1303ஐ ஒட்டித் தொடங்குகின்றது. எனவே, தந்தை இறப்பதற்குப் பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகட்கு முன்னரே வீரன் அரசருள் ஒருவனாக எண்ணப்பட்டான். சுந்தரன் அவ்வுரிமை பெற்றது அதற்கு ஏறத்தாழ ஆறாண்டு பிந்தியே. இளையவனுக்குத் திடீரென முடி கொடுக்கப்பட்டது என்னும் வசாப்பின் கூற்றுக்கு இஃது ஒத்து வரவில்லை. டில்லிப் புலவராகிய அமீர் குசுருவோ வீரனையே மூத்தவன் என்கின்றார். மூத்தவன் யாவன் இளையவன் யாவன் என்பதிலேயே இரு நூல்களும் முரணுமாயின், மனைவி மகன், காதற்கிழத்தி மகன் என்னும் பேச்சை உறுதியான செய்தியாக மாணாக்கர் கொப்பியில் எழுதுவித்தல் தகாது. பிறப்பைப் பற்றிய வசை தோற்றவன்மீது ஏறுவது உலகெங்குமுள்ள வழக்கம். ஈண்டு வென்றவன்மீதே ஏறியிருப்பது ஒரு புதுமை.

கொலைச்செய்தி வேறு. அரண்மனையினுள் நிகழ்ந்த கொலையைக் கல்லில் வெட்டிவைப்பார் இலர். மெய்க்கீர்த்தி புகழ் பாடவே எழுந்தது. ஆதலின் சாசனம் வாளாவிருத்தல் கொலை நிகழவில்லை என்பதற்குச் சான்றாகாது. தந்தை இறந்த அணிமையிலேயே மைந்தர் வாளேந்தி எதிர்நின்றனர் என்பது பல வழியாலும் தெளிவு. வசாப் இவ்வாறு எழுதினார் என்று ஆசிரியர் பெயரோடு கொலையைச் சொல்லுதல் நேர்மையாகும். ஆசிரியர் பெயரை நீக்கிச் சொன்னால் அது நம் தீர்ப்பாகிவிடும்.

இரண்டாவது பழியாகிய படையழைப்பு இத்துணையும் நிற்கவல்லது அன்று. காபூரின் தென்னாட்டுப் படையெடுப்பைப் பற்றி நமக்குள்ள மிக அணிமையான நூல் அமீர் குசுரு இயற்றியது. அவர் அலாவுதீன் அவையில் இருந்தவர். படை திரும்பிய சிறிது காலத்திலேயே எழுதினார். அவர் கூறும் நாட்களை வரிசைப்படுத்தினால் உண்மை விளங்கும். காபூர் 1308ஐ ஒட்டித் தேவகிரியையும், 1310இன் தொடக்கத்தில் ஓரங்கல்லையும் பணிவித்து, அவ்வாண்டு நடுவில் யானைகளுடனும் பொருளுடனும் டில்லி புகுந்தான். அதே ஆண்டு நவம்பரில் மீண்டும் தெற்கே புறப்பட்டான். 1311 பெப்ரவரியில் ஓய்சளர் தலைநகராகிய துவாரசமுத்திரத்தை முற்றினான். பாண்டியச் சகோதரர் தம்முட் பொருகின்றனர் என்பதும், அவர் நகரங்கள் காவலின்றிக் கிடத்தலை அறிந்து ஓய்சள வல்லாளன் கொள்ளையிடச் சென்றவன் காபூர் வரவைக் கேட்டு மீண்டான் என்பதும், படை வழியில் வந்துகொண்டிருக்கும்போதே அதற்கு எட்டிய செய்திகள். ஆண்டுதோறும் தெற்கே வந்து பழகிய படைக்கு அழைப்பிதழ் எதற்கு? தேவகிரியையும் ஓரங்கல்லையும் அழைத்தவர் எவர்?

அன்றியும், சுந்தரன் அழைத்து வந்த படையாயின் அது சுந்தரன் நகரை விட்டுவைத்திருத்தல் வேண்டுமன்றோ? மார்ச்சில் வீரபாண்டியன் இருக்கையை நோக்கி வந்த படை, மழையிலும் வெள்ளத்திலும் அவனை ஊரூராகத் துரத்தியும் பிடிக்கமுடியாது, ஏப்பிரலில் மதுரைக்குத் திரும்பியது. சுந்தரன் அரசிமாரோடு முன்னரே நகரை விட்டு நீங்கியிருந்தான். கோயிலில் எஞ்சிய இரண்டு மூன்று யானைகளைக் கண்டு வெகுண்டு படையினர் அங்கே தீயிட்டனர். தன்னை அழைத்தவன் வீட்டிற்கே தீயிட்ட விருந்தினனை யாம் வேறெங்கும் படித்திலேம்.

கொள்ளைப் பொருளின் அளவை ஆசிரியர்கள் ஒருமுறை கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். 512 யானைகளும் 5,000 குதிரைகளும் என்பது குசுருவின் கணக்கு. ஏறக்குறைய ஒரு தலைமுறை கழித்து எழுதிய பரணி, யானைகளை 612 ஆகவும் குதிரைகளை 20,000 ஆகவும் ஏற்றிவிட்டு, 96,000 மணங்குப் பொன்னையும் சேர்த்துக் கொள்கின்றார். காலஞ் செல்லச் செல்லக் குதிரைகளும் குட்டி போட்டன போலும்! மாணாக்கர் இதற்குச் சிரிப்பர், சிரித்தபின் மறவார்.

வசாப் சொல்லும் அடைக்கலக் கதைக்கு மாறாக மற்றொரு சான்றும் உண்டு. 1317ஆம் ஆண்டுத் திருவரங்கச் சாசனமொன்று, காகதீய மன்னன் பிரதாபருத்திரன் ஏவிய படைத்தலைவன் தெற்கே வந்து, வீரபாண்டியன் பக்கத்தாரை வென்று, சுந்தரபாண்டியனை வீரதவளம் என்னும் நகரில் அரசமர்த்தினான் என்கின்றது. எனவே சுந்தரனுக்குத் துணைவந்து நிலைநிறுத்தியது ஓரங்கல்லின் சைவ வேந்தன் படையே. எதிர்ப்பக்கத்திற் பொருதவன் கொல்லத்து இரவிவர்மன் குலசேகரன். அவன் காஞ்சி வரையும் படை செலுத்தி அங்கே முடி சூடிக்கொண்டான். இரு சகோதரரும் அயலாரை நம்பினர். அயலார் அனைவரும் தத்தம் பங்கை எடுத்துக்கொண்டனர். அதன்பின் 1318இல் ஒரு கொள்ளைப்படையும் 1323இல் துக்ளக்கின் படையும் வந்தன; 1334ஐ ஒட்டி மதுரையில் தனிச் சுல்தானியம் எழுந்தது. ஆகவே 1311இல் அரசு வீழ்ந்தது என்று ஒரே ஆண்டைக் குறிப்பதும் பிழை. அவ்வாண்டின் பின்னும் இருவர் பெயராலும் சாசனங்கள் வெட்டப்பட்டன.

இவ்விடத்தில் நம் தீவின் கதையொன்றை அருகில் வைத்து நோக்குவோம். சிகிரியாவைச் சுற்றுலாச் சென்று காணாத மாணாக்கர் இக்காலத்துச் சிலரே. தாதுசேனன் மைந்தர் இருவர். காசியப்பன் ஒவ்வாத குலத்தாள் ஒருத்தி வயிற்றுப் பிறந்தவன். மொகல்லானன் பட்டத்தரசி மைந்தன். காசியப்பன் 473இல் தந்தையைச் சிறைப்படுத்தி, பின்பு சுவரில் வைத்து அடைத்துக் கொல்வித்தான். மொகல்லானன் இந்தியாவிற்கு ஓடி, பல்லாண்டு கழித்துத் துணைவரோடு மீண்டு, 495இல் தமையனை வென்று அரசனாயினான். தந்தை கொலை, ஒரு தந்தைக்கு இரு தாயர் மைந்தர், பிறப்பைப் பற்றிய வசை, பிறநாட்டுத் துணை ஆகிய நான்கும் இரு கதையிலும் ஒருங்கே வருகின்றன. ஆயினும் வேற்றுநாட்டுத் துணையோடு மீண்ட மொகல்லானனைத் துரோகி என்று எவரும் எழுதிலர். அறத்தை நிலைநாட்டியவன் என்றே எழுதினர். சங்கத்தாரின் நன்மதிப்பைப் பெற்றவன் அவன். வரலாற்றை எழுதிய கையும் சங்கத்தார் கை. ஒரே செயல் ஒருவனுக்குப் புகழாகவும் மற்றொருவனுக்குப் பழியாகவும் முடிந்ததெனின், வேற்றுமை செயலில் இல்லை. எழுதியவர் இருந்த இடத்தில் இருக்கின்றது. இவ்விரு கதைகளையும் அடுத்தடுத்த நாட்களிற் கற்பித்துப் பார்க்குமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.

இத்துணை நீள எழுதக் காரணம் வெறும் ஆராய்ச்சி விருப்பம் அன்று. அண்மையில் ஓர் இளம் ஆசிரியையின் பாடக்குறிப்பைப் பார்வையிட நேர்ந்தது. எழுத்து அழகு, ஆயத்தமும் குறைவற்றது. முடிவில் அவர், சுந்தரன் துரோகி, அவனால் அந்நியச் சமயத்தார் நம்மை அழித்தனர் என்று மாணாக்கர் எழுதிக்கொள்ளுமாறு இரண்டு வரி சேர்த்திருந்தார். துரோகி என்னுஞ் சொல்லை எம் வயதினர் புத்தகத்தில் மட்டுங் கண்டவர் அல்லர். மின்கம்பத்தில் மனிதன் கழுத்திற் கட்டிய அட்டையிலும் அதனைக் கண்டோம். உடன்பிறந்தார் உடன்பிறந்தார்க்கு அவ்வட்டையை எழுதிய காலமும் நம் கண்முன்னே கழிந்தது. எழுநூறு ஆண்டுகட்கு முந்திய அரசகுமரன் ஒருவனுக்கே அச்சொல்லை வழங்குமுன் சான்று கேட்கப் பழகிய பிள்ளை, நாளை தன் அயலானுக்கு வழங்குமுன்னும் ஒரு கணம் நிற்கும்.

மற்றைய வரியும் அத்தகையதே. வாவிக்கரை ஊர்களில் தமிழரும் சோனகரும் வேலிக்கு வேலி வாழ்கின்றனர். போர்க்காலத்திற் பட்ட புண்கள் இருபாலாரிடத்தும் முற்ற ஆறினவல்ல. மதுரையிலே தீயிட்ட படைவீரனை மறைக்குமாறு யாம் சொல்கின்றிலேம். அதனையும் சொல்லுக, அதனோடு அதே நூல்களில் உள்ள ஏனையவற்றையும் சொல்லுக. குலசேகரன் காலத்துப் பாண்டியர்க்கு அமைச்சராயிருந்து, காயல் முதலிய துறைகளைப் பொறுப்பேற்றவர் தக்கியுத்தீன் அப்துல் ரகுமான் என்னும் முஸ்லிம். அவரைப்பற்றிச் சொல்பவரும் அதே வசாப். வீரபாண்டியன் படையில் முஸ்லிம் வீரரும் இருந்து காபூரை எதிர்நின்றனர் என்பதை, அவ்வீரரை இகழ்ந்தெழுதிய குசுருவே கூறிவிடுகின்றார். கொள்ளையிடச் சென்ற வல்லாளன் சைவவைணவக் கோயில்கட்கு நிவந்தம் அளித்த மரபினன். அவனே பின் காபூருக்கு வழிகாட்டி வந்தான். பிரிவினைக் கோடு சமயத்தின் வழியே செல்லவில்லை. பொன்னும் யானையும் குதிரையும் சென்ற வழியே சென்றது.

வகுப்பில் இதனை நடத்தும் வழி ஒன்று சொல்லி முடிப்போம். கரும்பலகையிற் சூளவம்சம், மார்க்கோ போலோ, வசாப், அமீர் குசுரு, பாண்டிய சாசனம், திருவரங்கச் சாசனம் என ஆறு பெயரை எழுதுக. ஒவ்வொன்றின் நேரேயும், எழுதியவர் இருந்த ஊர், எழுதிய காலம், யாருக்காக எழுதினார் என்பவற்றை மாணாக்கரைக் கொண்டே நிரப்புவிக்க. இதற்கு ஒரு பாடவேளை முழுவதும் செல்லும், செல்லட்டும். அடுத்த பாடவேளையிற் சுந்தரனுக்காக ஒருவரும் வீரனுக்காக ஒருவரும் வழக்குரைக்கச் செய்க. கூத்தாடிப் பழகிய நம் படுவான்கரைப் பிள்ளைகளுக்கு இது பெருவிருந்தாகும். வழக்குரைப்போர் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் ஆறு பெயரில் ஒன்றைச் சான்றாகக் காட்டுதல் வேண்டும் என்பதே விதி.

வழக்கின் நடுவில் எவரேனும் ஒரு பிள்ளை, காலையிற் சமயபாடத்திலே தந்தையின் தாளைத் துணித்த சண்டேசுரரைத் தொண்டர் என்று கற்பித்தீரே, மாலையிற் சுந்தரனை மட்டும் ஏன் பழிக்கின்றீர் எனக் கேட்கக்கூடும். கூர்மையான வினா. கேட்ட பிள்ளையை அதட்டற்க. சண்டேசுரர் அதனால் அடையக் கருதிய பொருள் ஒன்றும் இல்லை. பூசைக்கு இடையூறு நேர்ந்தவிடத்து நிகழ்ந்த செயல் அது. வசாப் கூறுஞ் சுந்தரனோ முடியை நோக்கியே கையெடுத்தான். இவ்வளவு சொல்லி விடுத்தால் எட்டாம் வகுப்புக்குப் போதும். உயர்வகுப்பாயின், பிள்ளை தானே மேலும் கேட்கும்வரை காத்திருத்தல் நலம். தீர்ப்பெழுதும் பணியை வீட்டுவேலையாகக் கொடுக்கலாம். இருவருள் யாரைச் சார்ந்து எழுதினும் புள்ளி குறைக்கற்க. சான்றின் பெயர் எழுதாது துரோகி என்று எழுதினவிடத்து மட்டும் சிவப்பு மையாற் கோடிட்டு, யார் சொன்னார் என்று ஓரத்திற் குறித்துக் கொப்பியைத் திருப்பிக் கொடுக்க.